கியர் விழவில்லையா? முதலில் கிளட்ச்சைப் பாருங்கள்

பெங்களூருவில் கார் ஓட்டுவோரின் இடது காலுக்கு ஓய்வில்லை. சில்க் போர்டு சந்திப்பைக் கடப்பதற்குள் கிளட்ச்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. எங்கள் வீட்டு மாருதி 800 அக்கணக்கை ஒரு மாலை நினைவூட்டியது. சிக்னலில் பச்சை விளக்கு எரிந்தும் முதல் கியர் விழ மறுத்தது.

காரைப் பார்த்த பணிமனையில், கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கியிருந்த தொகையை நெருங்கியது. சம்மதிக்கும் முன் ஒரு நாள் அவகாசம் கேட்டோம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது எளிதாக விழும் கியர்கள், எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் கிளட்ச் முழுமையாக விலகவில்லை என்று பொருள். எஞ்சின் நின்றிருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால், லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குச் செல்லும் இணைப்புகளையும் புஷ்களையும் முதலில் பார்க்க வேண்டும்; கியர் பாக்ஸின் உட்புறம் அதற்குப் பிறகே.

எங்கள் கார் முதல் வகை. 1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட இக்காரில் கிளட்ச்சைக் கேபிளே இழுக்கிறது. கேபிள் தளர்ந்தால், பெடலை அடிவரை மிதித்தாலும் கிளட்ச் முழுமையாக விலகாது. ஜே.சி. சாலையில் புதிய கேபிள் வாங்கிப் பொருத்தி, பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்ததும் கியர் தடையின்றி விழுந்தது.

பிற அறிகுறிகளும் உண்டு. குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் கரகரத்தால், அதன் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். எஞ்சினின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் பிளேட்டைச் சந்தேகிக்கலாம். பெடலை மிதிக்கும்போது எழும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்கைச் சுட்டும். நியூட்ரலில் கேட்டு, மிதித்ததும் மறையும் இரைச்சல் கியர் பாக்ஸ் பேரிங்கைச் சுட்டும். இணைப்புகள் சரியாக இருந்தும் போட்ட கியர் தானே விடுபட்டால், கியர் பாக்ஸை இறக்கத் தயங்கக் கூடாது.

வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரக் கோளாற்றையும் ஏற்பதில்லை. ஆகவே பழைய கார் வைத்திருப்போர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வருவது நலம். பெரிய செலவென்றால் மதிப்பீட்டை எழுத்தில் பெற்று, மற்றொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்கச் சொல்லும் நாங்கள், அந்தப் பாடத்தைச் சொந்தக் காரிடமும் கற்றோம்.