தண்ணீர் ஒழுகினால் மோட்டார் தானே நிற்கும்!

திருச்சிக்காரர்கள் முக்கொம்பை மறக்கமாட்டார்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கே இருக்கிறது. 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, கொள்ளிடப் பக்கத்தில் 9 மதகுகள் உடைந்து போயின. தண்ணீர் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தில் பாய்ந்தது. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் போட்டுத்தான் அடைக்க வேண்டியதாயிற்று.

உடைந்த மதகு தானாக மூடிக்கொள்ளாது. ஆனால் நீச்சல் குளத்தின் தண்ணீரைத் தானாகவே நிறுத்தலாம்!

குளத்துத் தண்ணீரை மோட்டார் இழுத்து, வடிகட்டிக்கு அனுப்புகிறது. நடுவே குழாய் வெடித்தால்? விடிய விடியத் தண்ணீரை வெளியே கொட்டும். இதற்காக மோட்டார் அறையின் தரையில் இரண்டு உலோக முனைகளை வைக்கிறார்கள். தரை நனைந்தால் தண்ணீர் வழியே முனைகளுக்கிடையே சிறிதளவு மின்சாரம் ஓடும். உடனே 'ரிலே' என்ற சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும்.

ஆனால் பாருங்கள், குளம் மேட்டிலும் மோட்டார் பள்ளத்திலும் இருந்தால், மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் இறங்கி வந்துகொண்டே இருக்கும்! பலர் ஏமாறுவது இங்கேதான். குழாயிலே மின்சார வால்வு ஒன்றும் வேண்டும். மோட்டார் நிற்கும்போதே அது குழாயை மூடிவிடும்.

மாதம் ஒரு முறை, முனைகள் மீது கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மோட்டார் நிற்காவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.