செம்மண் தடத்துக்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

மலேசியாவில் மலாக்கா மாநிலத்தின் சுங்கை ஊடாங் வட்டாரத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் எதிர்ப்படுவது பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தடம். காய்ந்திருக்கும்போது அதில் எந்தக் காரும் போகும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இந்த மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அதிகம். ஒரு மழை பெய்தால் போதும், மண் டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பழம் ஏற்றும் லோரிகள் உழுதுபோட்ட குழிகளில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆழமும் தெரியாது.

ஃபோர்வீல் வண்டி வாங்கிய கையோடு பலரும் கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் மாட்டத்தான் பணம் சேர்க்கிறார்கள். முதலில் வாங்க வேண்டியவை காற்றழுத்தமானியும் 12 வோல்ட் காற்றுப் பம்பும். சாலையில் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் காற்றைச் சேற்றில் 18, 20 வரை இறக்கினால் டயர் தளர்ந்து, நிலத்தில் பதியும் பரப்பு நீளும். எடை பரவுவதால் புதைவது குறையும். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்று குறைந்த டயரோடு சாலையில் வேகமாக ஓட்டினால் அது சூடேறி வெடிக்கும். தடத்தை விட்டு ஏறியவுடன் பம்பு வேண்டியிருப்பது அதனால்தான்.

அடுத்தது மண்வெட்டி. சிக்கிய வண்டியை இழுப்பதற்கு முன் சக்கரத்தின் முன்னும் அடிப்பகுதியிலும் உள்ள மண்ணை வெட்டி எடுத்தாலே பாதி வேலை முடியும். தடத்தில் விழுந்த கிளையை வெட்ட ஒரு பாராங், சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரண்டு பலகை, கனத்த கையுறை ஆகியவையும் வண்டியில் கிடக்கட்டும். ஜாக்கியை ஈர மண்ணில் வெறுமனே நிறுத்தினால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். அதற்கும் ஒரு தடித்த பலகை வேண்டும்.

இன்னொரு வண்டியைக் கொண்டு இழுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். சுண்டி இழுக்கச் சங்கிலியோ இரும்புக் கம்பியோ கூடாது. நீண்டு சுருங்கும் நைலான் கயிறு வேண்டும். அதை வண்டியின் சட்டத்தோடு பிணைந்த இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டினால், அது முறிந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு பறக்கும். இப்படி உயிர்ப்பலியே நேர்ந்திருக்கிறது. இணைக்கும் ஷேக்கிளில் தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்; 19 மில்லிமீட்டர் ஷேக்கிளில் பொதுவாக 4.75 டன் என்று இருக்கும். அதன் ஆணியை முழுக்கத் திருகி, கால் சுற்று பின்னுக்குத் தளர்த்தி விடுவது வழக்கம். இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற வராது. கயிற்றின் நடுவில் ஒரு கனத்த சாக்கைப் போட்டு வைத்தால் அறுந்தாலும் அது தெறிக்கும் வேகம் குறையும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்பது நல்லது.

1997இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் ஃபோர்வீல் போட்டி வேண்டுமென்றே மழைக்காலத்தில் நடத்தப்படுவது. வின்ச் இல்லாமல் அங்கே வேலைக்கு ஆகாது. வார இறுதியில் தோட்டத் தடத்துக்கு வருபவருக்குத் துணைக்கு ஒரு வண்டி வந்தால் அதுவே பாதி வின்ச். மாட்டத்தான் வேண்டுமென்றால், வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுப்பதாக இருக்க வேண்டும். மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைந்த பிக்கப்புக்கு 9,500 பவுண்டு வின்ச் பொருந்தும். சுருளில் கயிறு அடுக்கடுக்காக இருக்கும்போது இழுவிசை குறையும். ஒரு கப்பி இருந்தால் வேகம் பாதியானாலும் இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும்.

கயிற்றை எதில் கட்டுவது என்பதும் கேள்விதான். செம்பனையின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும், இளமரம் சாய்ந்துவிடும். முதிர்ந்த மரத்தின் அடியில், அகலமான வாரைச் சுற்றிக் கட்டுவதே சரி. மரம் தோட்டத்தின் சொத்து என்பதும் நினைவில் இருக்கட்டும். வெட்டிப் போட்ட மட்டையின் முள் டயரின் பக்கவாட்டில் ஏறினால் துளையடைக்கும் பொருட்கள் அநேகமாக உதவாது. நல்ல ஸ்பேர் டயர் கட்டாயம்.

ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் குடிநீர், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், தலையில் மாட்டும் விளக்கு, தீயணைப்பான் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். தோட்டத்தில் எலியும் அதைத் தேடி வரும் நாகமும் உண்டு. எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்குவதற்கு முன் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். நாகம் விஷத்தைக் கண்ணில் உமிழ்ந்தால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கடிபட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைக்கக் குச்சியும் துணிக்கட்டும் போதும்.

தொலைபேசி அலை கிடைக்காத இடங்களுக்காக வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பதும், எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லி வைப்பதும் நல்லது. அவசர எண் 999. தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகியின் அனுமதி வேண்டும். நிரந்தர வனக் காப்பகத்துக்கு மாநில வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும். சிறப்புப் படையினரின் முகாமும் தெரெண்டாக் ராணுவ முகாமும் இந்தப் பக்கமே இருப்பதால், எல்லைப் பலகையைக் கண்டால் திரும்பிவிட வேண்டியதுதான்.

திரும்பி வந்ததும் கயிற்றையும் வாரையும் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். நாருக்குள் புகுந்த மண்துகள் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிருந்தே அறுக்கும். பிசிறு கிளம்பிய வாரை இழுக்க எடுக்கக் கூடாது. கூரையில் சாமான் கட்ட வைத்துக்கொள்ளலாம்.