சூரிய மின்தகடுகளைக் கழுவுதல்: கண்ணாடி துடைப்போருக்கு ஏற்ற ஓர் உபதொழில்

இங்கிலாந்து தேசத்தில் வீடுகளிலும் கடைகளிலும் உள்ள ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்து ஜீவனம் செய்வோர் பலர் உளர். சில வாரங்களுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்கு முறை வைத்துச் சென்று, துடைத்து, கூலி பெற்றுத் திரும்புவது அவர்களது வழக்கம். சமீப காலத்தில் இவர்களிற் பலர் பண்ணைகளுக்கும் சென்று, மாட்டுக் கொட்டில், கோழிக் கொட்டகை, தானியக் களஞ்சியம் முதலியவற்றின் கூரைமேல் பொருத்தியிருக்கும் சூரிய மின்தகடுகளைக் கழுவித் தரும் வேலையையும் மேற்கொண்டிருக்கின்றனர். ஜன்னலும் கண்ணாடி, தகட்டின் மேற்புறமும் கண்ணாடி. ஆகவே இரண்டும் ஒரே வேலை என்று தோன்றலாம். அனுபவத்தில் அப்படியன்று. ஜன்னலில் அழுக்கு நின்றால் பார்வைக்கு அவலட்சணம், அவ்வளவே. தகட்டில் நின்றால் குடியானவனுக்குப் பண நஷ்டம். தவறாகக் கழுவினாலோ தகடு கெடும். கழுவுகிறவனது உயிருக்கும் அபாயம் உண்டு.

அத்தேசத்துப் பண்ணைக் கூரைகளில் இத்தகடுகள் பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் குறிப்பிட்ட விகிதத்தில் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று 2010-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அங்கே அமுலுக்கு வந்தது. 2019-ம் வருஷம் மார்ச்சு மாதத்துடன் புதிதாகச் சேருவது நிறுத்தப்பட்டது. எனினும் முன்னரே சேர்ந்தவர்களுக்கு, சேர்ந்த காலத்தைப் பொறுத்து 20 அல்லது 25 வருஷங்கள் வரை பணம் கிடைக்கும். ஆதலின், தகடு பழையதாகிவிட்டது என்று அலட்சியமாக விட்டுவிட அவர்களுக்கு மனம் வருவதில்லை.

அழுக்கினால் வரும் கெடுதல் எத்தகையது என்பதைச் சிறிது விவரமாக அறிதல் நலம். ஒரு தகட்டினுள் அநேக சிலிக்கன் கலங்கள் சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் எல்லாக் கலங்களின் வழியாகவும் சென்றாக வேண்டும். தூசி தகடு முழுவதும் ஒரே சீராகப் படிந்தால் நஷ்டமும் அதற்குத் தக்க அளவில் நிற்கும். புறாவோ காக்கையோ இட்ட எச்சம் ஒரே கலத்தை மூடிக்கொண்டால் கதை வேறு. மூடப்பட்ட கலம் தானும் மின்சாரம் தராமல், மற்றவை தருவதையும் தடுத்து நிறுத்தும். அத்துடன் தானே சூடேறி நாளடைவில் கருகவும் கூடும். இதைத் தவிர்க்கத் தகட்டின் பின்புறப் பெட்டியில் பொதுவாக மூன்று டையோடுகளை வைத்திருப்பார்கள். அவை வேலை செய்யும்போது தகட்டின் மூன்றில் ஒரு பாகம் ஒதுக்கப்பட்டு, எஞ்சிய பாகம் தப்பிக்கும். உள்ளங்கையளவு எச்சம் தகட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பயனற்றதாக்குவது இவ்வாறுதான்.

குஜராத்திலுள்ள காந்திநகர் தொழில்நுட்பக் கழகத்தின் தகடுகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை கழுவிப் பார்த்ததில், கழுவியபின் உற்பத்தி ஏறக்குறைய பாதியளவு கூடியதாக 2017-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. அது வறண்ட, புழுதி மிகுந்த பிரதேசம். இங்கிலாந்திலோ வருஷம் முழுவதும் மழை உண்டு; சாய்வாக வைத்த தகட்டை மழையே பெரும்பாலும் கழுவிவிடும். ஆகையால் காந்திநகரின் கணக்கை அங்கே சொல்லிக் கூலி பேசுவது நாணயமான தொழிலாகாது. அங்கே 50 கிலோவாட்டுக் கூரை ஒன்று வருஷத்தில் சுமார் 45,000 யூனிட் தரும். அழுக்கினால் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் நஷ்டம் 2,250 யூனிட். ஒரு யூனிட்டின் மதிப்பை இதனால் பெருக்கி வரும் தொகையைக் காட்டிலும் கழுவும் கூலி மிகுமானால் குடியானவன் அவ்வருஷம் சும்மா இருப்பதே உத்தமம்.

எனினும், மழைக்கு அசையாத அழுக்குகளும் உண்டு. கோழிக் கொட்டகையின் விசிறிகள் வெளியே தள்ளும் இறகுத் தூளும் தீவனத் தூளும் பிசுக்கைப் போல ஒட்டிக்கொள்ளும். தானியம் உலர்த்தும் இடத்தின் தூசியும் அத்தகையதே. ஈரம் மிகுந்த இடங்களில் கண்ணாடியின் ஓரங்களிலிருந்து கற்பாசி படர்ந்து உள்நோக்கி வளரும். பண்ணைகளில் இத்தொழிலுக்கு வேலை கிடைப்பது இவற்றினால்தான்.

கருவிகள்.—கண்ணாடி துடைப்போர் கையாளும் ஒற்றை ரப்பர் பட்டையை அமெரிக்காவில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்னும் இத்தாலியர் 1936-ல் பதிவு செய்தார். ஜன்னலுக்கு அது இன்றும் நிகரற்றது. தகட்டுக்கோ அத்தனை பொருத்தமன்று. தகட்டைச் சுற்றிலும் அலுமினியச் சட்டம் தூக்கி நிற்பதால் பட்டை மூலைகளில் இடறும். மணல் துகள் அகப்பட்டால் கண்ணாடியின்மீதுள்ள மெல்லிய பூச்சில் கீறல் விழும். இதற்கு ஏற்றது, நுனியில் மென்மையான தூரிகை பொருத்தி, உள்ளே குழாய் வழியாகத் தண்ணீர் ஏறும் நீண்ட கோல். உயரத்தில் வேலை செய்வது பற்றி 2005-ல் பிரிட்டனில் விதிகள் ஏற்பட்ட பின்னர், ஏணியை விட்டு இக்கோலைக் கைக்கொண்டவர் அநேகர். தரையில் நின்றபடியே கூரையை எட்டலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். எச்சத்தையும் கற்பாசியையும் முதலில் நன்றாக ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். பிளேடினால் சுரண்டுவது பூச்சைக் கெடுப்பதுடன், உற்பத்தியாளர் கொடுத்துள்ள உத்தரவாதத்தையும் இழக்கச் செய்யக் கூடும்.

தண்ணீர்.—உலர்ந்தபின் கறை விடாத தண்ணீராக இருக்க வேண்டும். கறை என்பது தண்ணீரில் கரைந்திருந்த உப்பேயன்றி வேறில்லை. ஆதலால் இத்தொழிலாளர் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டி, பின்னர் அயனிகளைக் கவரும் பிசின் மணிகளின் ஊடே செலுத்தி, டி.டி.எஸ். அளவு பூஜ்யத்துக்கு வந்த தண்ணீரையே வண்டியில் எடுத்துச் செல்கின்றனர். டிராக்டரின் பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் எத்தகையதோ, ஏறக்குறைய அத்தகையது இது. இவ்வாறு கழுவிய கண்ணாடியைத் துடைக்கவே வேண்டுவதில்லை. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினால் மெல்லிய ஏடு தங்கி மறுபடி தூசியை இழுக்கும். அத்தண்ணீர் கால்நடைத் தொட்டியில் விழுந்தால் வேறு தொல்லை.

அபாயம்.—பழைய கல்நார்ச் சிமெண்டுக் கூரை பார்வைக்குத் திடமாயிருந்தும் காலை வைத்தவுடன் உடையக் கூடியது. பாசி மூடிய வெளிச்சப் பலகையும் அப்படியே. பிரிட்டிஷ் பண்ணைகளில் இவ்விதக் கூரைகளின் வழியாக விழுந்து மாண்டவர்கள் உளர். அடுத்தது மின்சாரம். பொத்தானை அணைத்துவிட்டால் தகடு செத்துவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. வெயில் உள்ளவரை தகட்டில் மின்சாரம் இருந்தே தீரும். பல தகடுகளைத் தொடராக இணைத்த இடத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட்டு நேர்மின்சாரம் நிற்கும். விரிந்த கண்ணாடி, தோல் கிழிந்த கம்பி, திறந்த இணைப்பு இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் தண்ணீரை நிறுத்திவிட்டு உரியவருக்குச் சொல்ல வேண்டும். கோல் கரிநாரினால் ஆனதாயின் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே மேலே கம்பி செல்லும் இடத்தில் அதை உயர்த்தவே கூடாது.

தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட்டு நிலையத்தில் ஏறக்குறைய 25 லட்சம் தகடுகள் உண்டு. அவற்றைத் துடைப்பதற்குத் தானே ஓடும் இயந்திரங்களை வைத்திருக்கின்றனர். தனிக் குடியானவனுக்கு அது கட்டாது. 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ் மானியம் பெற்றுச் சூரிய மோட்டார் வைத்தவர்கள் பலர். 5 குதிரைசக்தி மோட்டாருக்குத் தகடுகள் ஏறக்குறைய 4,800 வாட்டு அளவில் இருக்கும். இதில் பாட்டரி இல்லாமையால் வெயிலும் தண்ணீரும் நேருக்கு நேர். தகட்டில் புழுதி படிந்தால் மோட்டார் காலையில் தாமதித்து ஓடத் தொடங்கும். மாலையில் முன்னதாகவே நின்றுவிடும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோது கிணறு வற்றியதென்று பழி சொல்வதற்கு முன் தகட்டை ஒருமுறை பார்ப்பது நலம்.

கழுவ வேண்டுமா என்பதை அறியச் சுலபமான வழி ஒன்று உண்டு. மேகமில்லாத நாளில் பகல் 12 மணிக்கு 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் விடியற்காலையில் கழுவி, அதே மணிக்கு அதே பீப்பாயை நிரப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நடுப்பகலில் கழுவுவது கூடாது. அப்போது தகட்டின் உஷ்ணம் 60 டிகிரி சென்டிகிரேடையும் கடந்திருக்கும்; குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கக் கூடும்.

இங்கே பெரிய இடையூறு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அதே மோட்டார் இறைத்த தண்ணீரை அதே தகட்டின்மேல் பீய்ச்சி வெயிலில் காயவிடுவது பலருடைய பழக்கம். ஒவ்வொரு முறையும் வெண்மையான படிவு ஒரு சுற்று ஏறி, ஒரு வருஷத்தில் தண்ணீருக்கு அசையாத சுண்ணாம்புத் தோலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுக் கூரையிலிருந்து விழும் முதல் தண்ணீரை ஒதுக்கி, பின்வருவதை மூடிய தொட்டியில் பிடித்து வைத்தால் சில மாதங்களுக்குப் போதும். வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீரையே உபயோகிப்பவர்கள் உலருமுன் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

சென்னை முதலிய நகரங்களில் கண்ணாடிச் சுவர்களைத் துடைப்போருக்குக் கோலும் தூரிகையும் புதியவையல்ல. அவர்களுள் ஒருவர் சுத்தத் தண்ணீர்த் தொட்டியுடன் கிராமங்களுக்கு முறை வைத்து வருவாரானால், பத்துப் பதினைந்து குடியானவர்கள் ஒன்றுகூடி அவரை அமர்த்திக்கொள்ளலாம். ஒருவருக்காக மட்டும் வந்தால் வண்டிச் செலவே கூலியை விழுங்கிவிடும். களத்தில் கதிரடித்துத் தூற்றிய பிறகும், கோடைப் புழுதிக் காற்று ஓய்ந்த பிறகும் வருவதே சரியான பருவம். வந்தவர் தகட்டின் கீழ்ச் சட்டத்தோரம் தேங்கிய சேற்றை எடுக்கிறாரா என்று குடியானவர் கூடவே நின்று பார்க்க வேண்டும். முதல் வரிசைக் கலங்களை மறைப்பது அதுதான். தகட்டின்மீது வளைந்து நிழல் வீழ்த்தும் கருவேலங் கிளையை வெட்டும் வேலை மட்டும் அவருடையதன்று, குடியானவருடையது.