கதவு ஸ்பீக்கர் ஏன் கரகரக்கிறது?

காரில் வால்யூமைக் கூட்டியதும் கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறதா? உடனே புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பல நேரங்களில், அதன் சக்திக்கு மீறிய வேலையை நாம்தான் அதன் தலையில் கட்டியிருப்போம். எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது கிராஸ்ஓவர். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு சத்தம் தர ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 160 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அசைகிற கூம்பு, 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டரும் 40 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டரும் அசைந்தாக வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் ஒலி 41 ஹெர்ட்ஸ். ஆறரை அங்குலக் கதவு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாத ஆழம்.

கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) வைத்து, சரிவை ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபல் என்று அமைத்துப் பாருங்கள். 40 ஹெர்ட்ஸில் அதற்குப் போகும் மின்திறன் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். 8 மில்லிமீட்டர் அசைவு இரண்டாகச் சுருங்கும். கரகரப்பு அடங்கி, பாடகரின் குரல் தெளியும்.

விட்டுப்போன ஆழத்தை டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் ஏற்கும். அதற்கு லோ பாஸ் (கீழுள்ள ஒலியை மட்டும் விடுவது), அதே 80 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரித்தறிய முடியாது. 150 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதி பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து கேட்கத் தொடங்கும். சப்வூஃபரே இல்லாத காரில் ஹை பாஸை 50, 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரின் கம்பிச்சுருள் மெல்லியது. தாழ்ந்த ஒலியை அனுப்பினால் கருகிவிடும். பெட்டியிலோ கையேட்டிலோ அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் இருக்கும். அதைப் போல இரு மடங்குக்குக் கீழே இறங்க வேண்டாம். 1,500 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் ஹை பாஸ் 3,000 அல்லது அதற்கு மேல்.

இன்னொரு சிக்கல் உண்டு. கதவு ஸ்பீக்கரின் ஹை பாஸுக்கும் சப்வூஃபரின் லோ பாஸுக்கும் 12 டெசிபல் சரிவு வைத்தால், பிரியும் இடத்தில் இரண்டு ஸ்பீக்கர்களின் அலைகளும் 180 பாகை விலகி நிற்கும். ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுப்பதால் பேஸ் காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃபேஸ் சுவிட்சை மாற்றிக் கேளுங்கள். எந்த நிலையில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதுதான் சரி. ஹியூலட்-பேக்கர்டு பொறியாளர்கள் சீக்ஃபிரீட் லிங்க்விட்சும் ரஸ் ரைலியும் 1970-களில் உருவாக்கிய வடிவமைப்பின் 24 டெசிபல் சரிவில், இரு அலைகளும் ஒத்திசைந்து ஏற்ற இறக்கமின்றிச் சேரும்.

பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் கிராஸ்ஓவர், பிறகு கெயின், கடைசியில்தான் ஈக்வலைசர். இந்த வரிசை மாறாமல் செய்துவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள், புது ஸ்பீக்கர் தேவையா என்று.