வயர்க்கூடையும் தோள்பையும்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் சூடுபிடித்தபோது, அம்மா எழுத்தையும் சைக்கிளையும் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டார். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கியிருந்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. எங்கள் ஊரான ஆவூரில் அம்மா ஓட்டிப் பழகியது பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான்.

பின்னாளில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் போனபோது அதன் கேரியரில் ஒரு வயர்க்கூடை ஏறியது. ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம் என்று குழுவுக்கு மூன்று நோட்டு. நாலு குழுவுக்குப் பன்னிரண்டு. போதாததற்கு ரேகை வைக்க மைப்பெட்டி. மழை வந்தால் தனக்கு வைத்திருந்த யூரியா சாக்கைக் கூடைக்குப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே வருவார். கூட்டம் எந்த வேப்பமரத்தடியில் நடந்தாலும் கணக்கு அங்கே போய்ச் சேர்ந்தது.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. தம்பிக்குக் கிடைத்ததில்தான் நானும் அம்மாவின் குழுக்களுக்குக் கணக்குப் போடப் பழகினேன். கூட்டல் பிழை போனது, உண்மை. ஆனால் அது கனம். பேட்டரி தளர்ந்த பிறகு பிளக்கை விட்டு நகர முடியவில்லை. அம்மா தேடிப்போன பெண்கள் இப்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். கூலி வேலை முடித்து, இருட்டிய பிறகு, கைப்பிள்ளையோடு. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால்தான் திரையைக் கழற்றினால் டேப், மாட்டினால் லேப்டாப் என்று வந்த கருவிகள் மீது கண் போனது. 2013இல் வந்த ஆசுஸ் டி100இன் திரை மட்டும் 550 கிராம். கீபோர்டோடு ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். 2018இல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கோ, கீபோர்டு இல்லாமல் 522 கிராம். விலை குறைவு என்று நான் முதலில் வாங்கியது வேறொன்று. 32 ஜிபி சேமிப்பில் விண்டோஸே பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, அப்டேட்டுக்கு இடமில்லாமல் மாதக் கடைசியில் பாதியில் நின்றது. மூன்று குழுக்களின் தவணைக் கணக்கை அன்றிரவு கையால் எழுதினேன்.

இப்போது யாராவது என்னைக் கேட்டால், விலையைப் பார்க்கும் முன் சப்பணமிட்டு உட்கார்ந்து அதை மடியில் வைத்து அடித்துப் பாருங்கள் என்பேன். முதுகில் மடக்குத் தாங்கியும் துணிபோல் தொங்கும் கீபோர்டும் உள்ளவை மேஜையில் நன்றாக நிற்கும்; மடியில் சரியும். நமக்கு வேலை நடக்கும் இடத்தில் மேஜை கிடையாது. உறுதியான கீல் உள்ளது கொஞ்சம் கனத்தாலும் அதுவே மேல். எடை பார்க்கும்போது கீபோர்டையும் சார்ஜரையும் சேர்த்தே பாருங்கள். போன் சார்ஜரே போதும் என்கிற டைப்-சி வகையானால் பையில் ஒரு செங்கல் குறையும். திரையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். விண்டோஸ் என்றால் 128 ஜிபிக்கும் 8 ஜிபி ரேமுக்கும் கீழே இறங்க வேண்டாம். வெறும் வரவு செலவும் படமும் போதுமென்றால் ஆண்ட்ராய்டு டேபும் தனிக் கீபோர்டும் இன்னும் மலிவு. ஆனால் அந்தக் கீபோர்டில் தமிழ் வருகிறதா என்று கடையிலேயே ஒரு வரி அடித்துவிட வேண்டும். நான் பழகியது 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99. திரையில் தொட்டு அடிக்க அது இருக்கிறது, வெளிக் கீபோர்டை இணைத்தால் எல்லா டேபிலும் தானாக வராது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் கணக்கு வைத்திருப்பவர்கள் அதையும் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஈஸ்டர் தேருக்கு முந்திய வாரம் ஒரு குழுவுக்குப் போனேன். அம்மாவும் வந்தார். கணக்கு இருபது நிமிஷத்தில் முடிந்தது. பிறகு பையிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தேன். அது இன்னும் காகிதம்தான். அறிவொளியில் அம்மாவோடு படித்த ஓர் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் டேபை அடியில் அட்டையாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக எழுதினார். மைப்பெட்டி யாருக்கும் தேவைப்படவில்லை.