நிற்கும் பனையைத் திருட முடியுமா?

(பள்ளியில் சட்டம் – 9)

பனமலைக் குன்றின் மேல் இருப்பது தாளகிரீஸ்வரர் கோயில். பல்லவன் இராசசிம்மன் காலத்துக் கற்றளி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வடமொழியில் தாளம் என்றால் பனை. தாளகிரி வேறொன்றுமில்லை, பனைமலைதான். ஊர்ப்பெயரும் சாமிபெயரும் ஒரே பொருளை இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டு ஆயிரத்து முந்நூறு வருஷமாக அருகருகே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாறைச் சூடு தணிந்த பிறகு, கீழ்ப்படிகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள். பொதுத்தேர்வு நெருங்குகிறது. எதிரே ஏரிக்கரை, கரை நெடுகப் பனை. நான் போனபோது ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நீதிப்பேராணைகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஆட்கொணர்வு, கட்டளையுறுத்தும், தடையுறுத்தும், ஆவணக் கேட்பு, தகுதிமுறை வினவும். ஒன்றுகூட விடவில்லை.

“ஆட்கொணர்வுன்னா என்னம்மா?”

“சட்டத்துக்குப் புறம்பாகக் கைது செய்யப்பட்ட ஒருவரை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்த ஆணையிடுவது, சார்.” கைடில் இருக்கும் வரி அப்படியே வந்தது.

“யாருக்கு ஆணை?”

பேச்சில்லை.

“சரி, யார் போய் கேக்கலாம்? உள்ள அடைபட்டுக் கிடக்கிறவரே வரணுமா?”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன், “அந்தக்கா கேட்டாங்களே சார், ஜெய் பீம்ல?” என்றான். அவ்வளவுதான், எட்டுப் பேருக்கும் வெளிச்சம் வந்துவிட்டது. கணவனைக் காணவில்லை என்று மனைவி நீதிமன்றம் போகிறாள். எங்கே அவன், கொண்டுவந்து நிறுத்து என்று நீதிமன்றம் போலீஸிடம் கேட்கிறது. 2021இல் வந்த அந்தப் படத்துக்கு அடிப்படை, 1993இல் பழைய தென்னார்க்காட்டின் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த கொடுமை. அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு உயர்நீதிமன்றத்தில் நடத்தியது ஆட்கொணர்வு மனுவேதான். நம் பக்கத்து மாவட்டத்து வழக்கு. பாடப்புத்தகத்தில் உள்ள வரிக்கும் இந்தப் பிள்ளைகள் மூன்று நான்கு முறை பார்த்து அழுத படத்துக்கும் உறவு உண்டு என்று அதுவரை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த வாரம் நான் சொல்லவந்தது அதைத்தான். திருப்புதலுக்கு எது துணை? மத்தியப் பாடத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் சட்டக் கல்வி என்று தனியாக ஒரு விருப்பப் பாடமே உண்டு. செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டம் முதலில் வந்து சேர்வது சமூக அறிவியலின் கடைசிப் பகுதியான குடிமையியல் வழியாக. நேரம் இல்லாமல் அவசர அவசரமாக நடத்தப்படும் பகுதி அது. அதனால் கைடு, ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்பு, பழைய வினாத்தாள் என்று கையில் கிடைத்ததை வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். பல வீடுகளில் பாடப்புத்தகத்துக்கு அப்பால் இருக்கும் ஒரே புத்தகம் அந்தக் கைடுதான். ஆனால் சட்டத்தை நினைவில் நிறுத்த அதைவிடப் பழைய, அதைவிட வலுவான ஒரு வழி இருக்கிறது. சட்டப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு மெக்காலே தலைமையில் 1837இல் உருவானது. 1860இல் சட்டமாகி 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வரைந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பிரிவை எழுதியதோடு நிற்காமல் பல பிரிவுகளின் கீழே சின்னச் சின்னக் கதைகளை வைத்தார்கள். ‘அ’ என்பவன் இப்படிச் செய்தான், ‘ஆ’ என்பவருக்கு இது நேர்ந்தது, ஆகவே இது குற்றம், அல்லது குற்றமில்லை. எடுத்துக்காட்டு என்று அதற்குப் பெயர். சட்டத்துக்குப் புதிதான ஒரு நாட்டில் மாஜிஸ்திரேட்டும் வக்கீலும் பொருளைத் தவறவிடக் கூடாது என்பதற்காகச் சட்டமே தன்னோடு கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோறு அது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன.

திருட்டு என்ற பிரிவை எடுத்துக்கொள்வோம். அசையும் பொருளாக இருக்க வேண்டும். பிறர் வசத்தில் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இருக்கக் கூடாது. நேர்மையற்ற எண்ணம் வேண்டும். பொருளை நகர்த்த வேண்டும். இந்த ஐந்தையும் எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்று கட்டாயம் விட்டுப்போகும். பெரும்பாலும் முதலாவதே விட்டுப்போகும்.

நான் ஏரிக்கரையைக் காட்டிக் கேட்டேன். “அதோ நிக்குதே பனை, அதைத் திருட முடியுமா?”

“முடியும் சார்” என்று நாலு பேர். “அதெப்படி முடியும், மரமாச்சே” என்று ஒருத்தி.

அவள் சொன்னதுதான் சரி. மண்ணோடு ஒட்டி நிற்கும் வரை மரம் அசையும் பொருள் அல்ல. அதைத் திருட முடியாது. வெட்டி மண்ணிலிருந்து பிரித்த கணத்திலேயே அது திருடக்கூடிய பொருளாகிவிடுகிறது. அடுத்தவர் நிலத்து மரத்தைக் கொண்டுபோகும் எண்ணத்தோடு ஒருவன் வெட்டினால், வண்டியில் ஏற்றும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை; மரம் நிலத்தைவிட்டுப் பிரிந்ததுமே திருட்டு முடிந்துவிட்டது. பழைய சட்டத்தின் 378ஆம் பிரிவில் முதல் எடுத்துக்காட்டே இதுதான். அங்கே பொதுவாக மரம் என்று இருப்பதைப் பனமலையில் பனை என்று சொன்னால் போதும். ‘அசையும் பொருள்’ என்ற சொல் அந்தப் பிள்ளைகளுக்கு இனி மறக்காது, மரம் கண்ணெதிரே நிற்கிறதே. (நிற்கிற பனையை வெட்டுவதற்கே மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அது வேறு கதை. ஆனால் ஒரு பையன் உடனே அதைக் கேட்டான்.)

எண்ணை மட்டும் நெட்டுருப் போடுவதில் உள்ள ஆபத்தை 2024 சூலை முதல் தேதி எல்லாருக்கும் காட்டிவிட்டது. அன்றைக்கு மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 511 பிரிவுகள் இருந்த தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 358 பிரிவுகள் கொண்ட நியாய சன்ஹிதா. கொலைக்குத் தண்டனை சொன்ன 302 இப்போது 103. நம் ஊரில் ஆளையே குறிக்கும் சொல்லாகிவிட்ட 420 இப்போது 318இன் நான்காம் உட்பிரிவு. ‘144 போட்டிருக்காங்க’ என்று டீக்கடையில் சொல்கிறோமே, அது இன்னொரு புதிய சட்டத்தில் 163 ஆகிவிட்டது. எண்ணை மட்டும் வைத்திருந்தவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மோசடி என்றால் என்ன என்று தெரிந்து வைத்திருந்தவருக்கு ஒன்றும் குறையவில்லை.

மோசடிக்கு இந்த ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு: தீபாவளிச் சீட்டு. மாதாமாதம் பணம் வாங்கியவர் தீபாவளிக்கு முன்னால் ஊரைவிட்டுப் போய்விட்டார். மோசடியா? பிள்ளைகள் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் சட்டம் கேட்கும் முதல் கேள்வி என்றேன். நேர்மையாகத் தொடங்கி, பின்னால் நொடித்துப்போய், கொடுக்க முடியாமல் போனால் அது மோசடி ஆகாது. வேறு குற்றமாகலாம், வெறும் கடன் வழக்காகவும் நின்றுவிடலாம். அந்த ஒரு வித்தியாசத்தை அரைமணி நேரம் பேசினோம். சீட்டுப் பணம் போன வீட்டுப் பிள்ளை ஒன்று அங்கே இருந்தது என்பதை அதன் முகம் சொன்னது. அதனால் பெயர் எதையும் கேட்காமல் ‘அ’, ‘ஆ’ என்றே பேசினேன். எடுத்துக்காட்டில் எழுத்தை வைப்பதற்கு அப்படியும் ஒரு பயன் உண்டு.

கதையாகப் படிப்பதைக் கல்லூரி முறையாக்கியவர் ஹார்வர்டின் லாங்டெல். 1870இல் வகுப்பில் விதியைச் சொல்லாமல் வழக்கைக் கையில் கொடுத்து விவாதிக்க வைத்தார். அதற்கு முன்பே நம்மிடம் ஒருவர் இருந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாக இருந்தபோது, 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவரும் அவரே. தமிழில் முதலில் வழக்குகளைச் சொன்னவர்தான் முதலில் நாவலும் எழுதினார் என்பதை நான் தற்செயலாக நினைப்பதில்லை.

இன்னும் பின்னால் போனால், பனமலைக்கு அக்கம்பக்கத்திலேயே எண்ணாயிரம் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கே இருந்த கல்லூரியில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் என்று கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. மூத்த மாணவர் 70 பேரில் 35 பேர் படித்தது பிராபாகர மீமாம்சை. ஒரு விதிவாக்கியம் எதை ஏவுகிறது, இரண்டு விதிகள் முட்டினால் எது நிற்கும் என்று வாசிக்கக் கற்றுத்தரும் சாத்திரம் அது. பிற்கால வாரிசுரிமை நூல்கள் பொருள்கொண்டதும் அந்த முறையில்தான். பெருமைதான். ஆனால் அங்கே இடம் கிடைத்தது வேதம் ஓதும் குலத்துப் பையன்களுக்கு மட்டும். இந்தப் படியில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரில் ஒருவருக்கும் அங்கே மாணவருக்கான நெல்லை அளந்திருக்க மாட்டார்கள்.

யாருக்கு இடம் என்ற அந்தக் கேள்விதான் பாடப்புத்தகத்தின் ‘முதலாவது சட்டத்திருத்தம், 1951’ என்ற வரிக்குள்ளும் இருக்கிறது. பிள்ளைகள் வருடத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்கள். நான் பையில் கொண்டுபோயிருந்த புளியங்கொட்டையில் பதினான்கை எண்ணிப் படியில் வைத்தேன். அன்றைய சென்னை மாநிலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடம் என்றால் வகுப்புவாரி அரசாணை இப்படிப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2 (ஆணையில் இருந்த சொல்), ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் என்பவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. கொட்டைகளை ஒரே குவியலாகக் கலைத்தேன்.

“அப்ப நம்மளுக்கு?” என்றாள் பேராணை ஒப்பித்த பெண்.

அன்றைக்குத் தமிழ்நாடு கேட்டதும் அதேதான். பெரியார் கிளர்ச்சி நடத்தினார், தெருவெல்லாம் பேச்சு. சூன் 18இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டு 15(4) என்ற உட்பிரிவு நுழைந்தது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே எழுபதே நாள். அதே திருத்தம் பேச்சுரிமைப் பிரிவிலும் கைவைத்தது. அதற்குக் காரணமான வழக்குகளில் ஒன்றும் இங்கிருந்து போனதே. ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற வார இதழைச் சென்னை அரசு தன் எல்லைக்குள் தடுத்தது. அதை எதிர்த்து வழக்காடிய ரொமேஷ் தாப்பர் 1950 மே மாதம் வென்றார். அதே மாதம், தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாநிலத்துக்கு எதிராகப் போட்ட மனுவில் தோற்றார். அவர் கேட்டதற்கு நெருக்கமான விடையைச் சொல்ல நீதிமன்றத்துக்கு 1978 வரை ஆயிற்று. அரசியலமைப்பின் முதல் பதினெட்டு மாதத்தில் மூன்று பெரிய வழக்குகள் நம் மாநிலத்தின் பெயரோடு. இவற்றை வருடமாக மட்டும் பிள்ளைகளிடம் கொடுப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

வழக்குகளை இப்படிக் கதையாகப் படிக்க ஒரு நோட்டு வைப்பது எளிது. ஒரு வழக்குக்கு ஒரு பக்கம். மேலே நடந்தது, நாலு வரிக்கு மிகாமல், சொந்த வார்த்தையில். நடுவில் நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி, கேள்விக்குறியோடு. தீர்ப்பும் காரணமும் பின்பக்கத்தில். திருப்பும்போது முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பின்பக்கத்தைச் சொல்ல வேண்டும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஒருவருக்கு ஒருவர் கேட்டுச் சொல்வது அதனினும் நல்லது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதற்கென்றே சட்டாம்பிள்ளை இருந்தான். (அந்தப் பெயருக்கும் சட்டத்துக்கும் உறவில்லை, சட்டர் என்றால் மாணவர்.) பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தரும் அந்த வழக்கத்தைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் 1797இல் புத்தகமாக எழுத, அது இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது.

இருட்டுவதற்கு முன் ஆளுக்கு ஒரு எடுத்துக்காட்டைச் சொந்தமாக எழுதச் சொன்னேன். பின்வரிசைப் பையன் எழுதியது: ‘ஃபெஞ்சல் புயலில் ஆ-வின் நிலத்துப் பனை தானாக விழுந்தது. அ அதை இரவில் இழுத்துப் போனான். அ மரத்தை வெட்டவில்லை. ஆனாலும் திருட்டு.’ மண்ணைவிட்டுப் பிரித்தது காற்றாக இருந்தால் என்ன, பிரிந்த பிறகு எடுத்தது அவன்தானே என்று காரணமும் சொன்னான். சரியான விடை. கைதட்டினோம்.

பேராணைப் பெண் மட்டும் தட்டவில்லை. அவன் நோட்டை வாங்கி இன்னொரு முறை படித்துவிட்டு, “பாதி வேர் மண்ணுக்குள்ளயே இருந்துச்சுன்னா?” என்று கேட்டாள்.