பழைய ஒஸ்ரினும் மாறிய எஞ்சின் இலக்கமும்

எங்கள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 காரைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் பருத்தித்துறைக்கு வந்தார். புதுப் பெயின்றையோ தைத்த சீற்றையோ அவர் கவனிக்கவில்லை. நேரே பொனற்றைத் திறந்து எஞ்சின் இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். "எஞ்சினை மட்டும் தருவீங்களா?" என்றார்.

அவரிடம் ஒரு எம்ஜிஏ இருந்தது. 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த, இரண்டு பேர் மட்டும் இருக்கும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். ஒரு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெரும்பாலானவை வெளிநாடுகளுக்கே போயின. அதன் முதல் வகைக்கும் எங்கள் ஏ55க்கும் ஒரே 1489 சிசி 'பி சீரிஸ்' எஞ்சின்தான். அதற்கு இரண்டு காபரேற்றர், எங்களுடையதற்கு ஒன்று. மந்திகை ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஹயர் ஓடிய காருக்குள் இப்படியொரு சங்கதி இருந்தது அப்பாவுக்குத் தெரியாது.

சிக்கல் அந்த எஞ்சினில்தான் இருந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்ததும் பெற்றோல் இல்லாமல் போனது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அமுக்கம் குறைந்த பழைய ஆங்கிலேய எஞ்சின்கள் இதைத் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பெயறிங்கும் சிலிண்டரும் தேயும். 1993இல், ஷெல் விழுந்து நொறுங்கிய இன்னொரு ஏ55இன் எஞ்சினை அப்பா வாங்கிப் போட்டார். அந்த நாளில் யார் இலக்கம் பார்த்தது? பதிவுப் புத்தகத்தில் இன்றும் பழைய இலக்கமே இருந்தது.

கடற்காற்றில் உக்கிய அடித்தகட்டை வெட்டிப் புதிது ஒட்டினோம். உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தேன். பழைய ஸ்ரீ இலக்கத் தகட்டையும் பத்திரமாக வைத்திருந்தேன், சேகரிப்போர் அதற்கும் விலை வைப்பார்கள். (1958இல் அந்தச் சிங்கள எழுத்துக்கு எதிராகப் போராடிய மண்ணில் அதை மினுக்கி விற்பதும் ஒரு கூத்துத்தான்.) இவ்வளவும் செய்தும், இலக்கம் பொருந்தாததால் வந்த ஒவ்வொருவரும் விலையைக் குறைத்தார்கள். ஒரு தரகர் எஞ்சினில் பழைய இலக்கத்தையே அடித்துவிடலாம் என்றார். அது குற்றம், செய்யாதீர்கள். எஞ்சின் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் பதிந்துவிட்டு விற்பனைக்குப் போங்கள். நான் அதைத்தான் செய்தேன், இழுபட்டாலும்.

அடுத்தது உரிமையாளர் பெயர். அப்பா காலமாகிவிட்டார். இறப்புச் சான்றிதழோடு, ரொறன்ரோவில் இருக்கும் தம்பியின் சம்மதமும் தேவைப்பட்டது. அவசரக்காரர், கையெழுத்து மட்டும் வைத்த 'ஓப்பின் பேப்பரோடு' காரைக் கேட்பார். பெயர் மாற்றாமல் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் உள்ள வாகனம் எங்கோ பிடிபட்டால் விசாரணை யாருடைய படலைக்கு வரும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு மொறிஸ் மைனர் ஓலைக்கொட்டிலுக்குள் நிற்கிறது. அதன் உரிமையாளர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். இறப்புச் சான்றிதழ் எடுத்தால் விற்பது இலகு. தாய் மறுக்கிறார். 2010ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தை 2016இல் திருத்தி, காணாமற்போனமைக்கும் தனிச் சான்றிதழ் தர வழிசெய்தார்கள். மகன் இறந்துவிட்டான் என்று ஒப்பாமலே குடும்பம் அவருடைய காரியங்களைப் பார்க்க அது உதவும். ஆனால் ஒரு வாகனத்தை அதை வைத்து விற்கமுடியுமா என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டே இறங்கவேண்டும். அந்த அம்மாவுக்கு விற்கும் அவசரமும் இல்லை.

எம்ஜிஏகாரருக்கு நான் எஞ்சினைக் கழற்றிக் கொடுக்கவில்லை. குறைந்த விலைக்கென்றாலும் முழுக் காராக இன்னொருவர் வாங்கினார். பொனற்றுக்குள் இருந்த பெற்றோல் போத்தலின் தாங்கியைக் கழற்றவா என்று கேட்டேன். அது அப்படியே இருக்கட்டும் என்றார்.